பழைய டெஸ்க்டாப்புக்கு வைஃபையும் புளூடூத்தும்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி (புளியரை வாசகர்): எங்கள் வீட்டில் 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் கணினி இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஃபைபர் இணைப்பின் ரௌட்டர் முன்னறையில் இருக்கிறது, கணினியோ பின்கட்டில். நடுவில் பழைய கருங்கல் சுவர். மகளின் ஆன்லைன் வகுப்புக்கு இணையம் வேண்டும், அவளிடம் உள்ள புளூடூத் ஹெட்செட்டையும் இணைக்க வேண்டும். இணையக் கடையில் 'வைஃபை, புளூடூத் இரண்டும் ஒன்றில்' என்று, யூஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியான டாங்கிள் ஒன்றை 299 ரூபாய்க்குப் பார்த்தேன். புனலூரில் வேலை பார்க்கும் என் மைத்துனரோ, அங்கே கடையில் சிபியுவுக்குள் பொருத்தும் கார்டு இருக்கிறது, அதையே வாங்கிவிடலாம், கேரளாவில் விலையும் குறைவு என்கிறார். எதை வாங்குவது?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், அதற்குச் செலவு ஏதும் இல்லை. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்து, ஒயர் மூலம் கணினியின் யூஎஸ்பி துளையில் செருகி, அமைப்புகளில் உள்ள 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், கைப்பேசி பிடிக்கும் வைஃபை அப்படியே கணினிக்கு இறங்கிவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு ஒயர்கள் இதற்கு உதவா. தரவையும் கடத்தும் ஒயராக இருக்க வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று உங்களிடம் இருந்தால், அதுவே நிரந்தர வைஃபை டாங்கிளாக வேலை செய்யும். திரை உடைந்த கைப்பேசியை இரண்டு ஆண்டுகளாக இப்படிப் பயன்படுத்துகிற ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் இருக்கிறது: உங்கள் கருங்கல் சுவரைத் தாண்டி வருகிற சிக்னல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இன்றைய ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவருக்குச் சீக்கிரம் தோற்றுவிடும், 2.4 மெதுவானது, ஆனால் சுவரைச் சற்று நன்றாக ஊடுருவும். கணினி இருக்கும் அதே இடத்தில் கைப்பேசியை வைத்து, இரண்டிலும் தனித்தனியாக வேகத்தைச் சோதியுங்கள். வீடியோ வகுப்புக்கு நிலையாக 4 எம்பிபிஎஸ் கிடைத்தாலே போதும். அந்த இடத்தில் கைப்பேசிக்கே சிக்னல் நிற்கவில்லை என்றால், 299 ரூபாய் டாங்கிளும் நிற்காது, 3,000 ரூபாய் கார்டும் பெரிதாகச் சாதித்துவிடாது.

அப்படியானால் என் முதல் பரிந்துரை உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம்: ஒயர். உங்கள் கணினியின் பின்புறம் லேன் துளை கட்டாயம் இருக்கும். ஒரே லேன் ஒயர் 100 மீட்டர் வரை பழுதின்றிச் செல்லும். உங்களுக்கு 15 மீட்டர்கூடத் தேவைப்படாது. முனைகள் பொருத்தியே விற்கும் 'கேட் 6' ஒயரை வாங்கி, முன்பு கேபிள் டிவி ஒயர் வந்த துளை வழியாகவே இழுத்துவிடலாம். வீட்டுக்கு உள்ளே மட்டும் இழுங்கள். முற்றத்தின் குறுக்கே திறந்தவெளியில் தொங்கவிட்டால், ஐப்பசி இடி ஒன்று போதும், ரௌட்டரும் மதர்போர்டும் சேர்ந்தே போகும். ஒயர் இழுக்க முடிந்தால் வைஃபைக்கென்று ஒரு ரூபாயும் செலவழிக்காமல், சுமார் 500 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் 5 டாங்கிள் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மகளின் இரண்டு தேவைகளும் தீர்ந்தன.

ஒயர் இழுக்கவே முடியாது, ஆனால் சிக்னல் ஓரளவு வருகிறது என்றால் இப்போது டாங்கிளைப் பற்றிப் பேசலாம். 299 ரூபாய்ப் பொருளின் அட்டையில் சிப்பின் பெயரும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த விலையில் வருபவை பெரும்பாலும் 2.4-இல் மட்டும் இயங்குபவை. '150 எம்பிபிஎஸ்' என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அதில் பாதி கிடைப்பதே அரிது. வைஃபையும் புளூடூத்தும் அதே 2.4-இல், அதே நகக்கண் அளவு ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்வதால், பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது ஹெட்செட்டில் ஆசிரியரின் குரல் திக்கத் தொடங்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள் என்பேன். வைஃபைக்கு 2.4, 5 இரண்டும் உள்ள, வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிற யூஎஸ்பி டாங்கிள் சுமார் 1,000 ரூபாயில் கிடைக்கும். அட்டையில் 'ஏசி 600' என்றிருந்தால் 5-இல் 433, 2.4-இல் 150 எம்பிபிஎஸ் என்று பொருள். இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரே நேரத்தில் இரண்டும் சேர்ந்து உங்களுக்குக் கிடைக்காது.

மைத்துனர் சொல்லும் கார்டு மோசமான யோசனை இல்லை. இன்டெல் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 போன்ற சிப் உள்ள கார்டில் வைஃபை 6-உம் புளூடூத்தும் சேர்ந்தே வரும், இரண்டு பெரிய ஆன்டெனாக்களும் உண்டு. ஆனால் வாங்கும் முன் சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் ஓர் அங்குல நீளமுள்ள சின்னப் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை காலியாக இருக்க வேண்டும். அது இல்லாமல், கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளத் துளை காலியாக இருந்தாலும் கார்டு அதில் உட்காரும். பழைய போர்டுகளில் காணப்படும் நீளமான வெள்ளைத் துளை வெறும் பிசிஐ. அதில் இந்தக் கார்டு ஏறாது.

அடுத்தது, பலரும் கோட்டைவிடுகிற இடம், நானும் விட்டேன். உறவினர் வீட்டில் இத்தகைய கார்டு ஒன்றைப் பொருத்தி, திருகுகளையெல்லாம் முடுக்கி, கணினியைப் போட்டால் வைஃபை வருகிறது, புளூடூத்தைக் காணவில்லை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை நீக்கி ஏற்றிய பிறகுதான் காரணம் புரிந்தது: இந்தக் கார்டுகளில் வைஃபை மட்டுமே பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போகிறது, புளூடூத் யூஎஸ்பி வழியாகப் போகிறது. அதற்காகக் கார்டுடன் தரும் மெல்லிய ஒயரை, மதர்போர்டின் அடிவிளிம்பில் 'எஃப் யூஎஸ்பி' என்பது போல் எழுதியிருக்கும் 9 ஊசித் தொகுப்பில் செருக வேண்டும். ஒயர் பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. உங்கள் போர்டில் அந்தத் தொகுப்பை முன்பக்க யூஎஸ்பி துளைகள் ஏற்கெனவே பிடித்திருக்கக்கூடும். இரண்டாவது தொகுப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஏஎக்ஸ் 201 அல்லது 211 சிப்பை வாங்கிவிடாதீர்கள். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் அவை மதர்போர்டில் உள்ள குறிப்பிட்ட இன்டெல் சிப்செட்டுகளோடு மட்டுமே சேர்ந்து இயங்குபவை. உங்கள் 2014 போர்டில் அவற்றுக்கு உயிர் வராது. மேலும் இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாத வண்டிக்குப் புது டயர் போடுவதைப் போல் யோசித்தே செலவழியுங்கள். யூஎஸ்பி டாங்கிள் என்றால் நாளை வேறு கணினிக்கும் சட்டென்று மாறிக்கொள்ளும்.

கேரளாவில் விலை குறைவு என்பது பழைய நினைப்பு. எல்லையின் இரு பக்கமும், புளியரையிலும் ஆரியங்காவிலும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு, இவ்வகைப் பொருளுக்கு இரு மாநிலத்திலும் வரி 18 சதவீதமே. வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரர் வைக்கிற லாபத்தில்தான்.

கேள்வி (ஆரியங்காவு வாசகர்): பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் விண்டோஸுக்குப் பதிலாக, கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவதால், வீட்டு டெஸ்க்டாப்பிலும் அதையே போட்டிருக்கிறோம். வாங்கிய வைஃபை டாங்கிளைச் செருகினால் விளக்குகூட எரியவில்லை. கடைக்காரர் சிடியில் டிரைவர் இருக்கிறது என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தச் சிடியில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸுக்கான டிரைவர், இருந்தும் பயனில்லை. லினக்ஸில் டிரைவரைத் தேடி அலைவதைவிட, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஏற்கெனவே அறிந்திருக்கிற சிப் உள்ள பொருளை வாங்குவதே புத்திசாலித்தனம். மீடியாடெக்கின் எம்டி 7612யூ, எம்டி 7921ஏயூ, கார்டு என்றால் இன்டெல் ஏஎக்ஸ் 200 ஆகியவை, கெர்னல் மிகப் பழையதாக இல்லாவிட்டால், செருகியவுடன் இயங்கும் வகை. ரியல்டெக் சிப்புகள் நீண்ட காலம் தொல்லை கொடுத்தன; கெர்னல் 6.2 முதல் அவற்றில் 8821சியூ, 8822பியூ போன்ற சில யூஎஸ்பி வகைகளுக்கு உள்ளேயே ஆதரவு வந்துவிட்டது. எனவே முதலில் உங்கள் கெர்னல் எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள்; அதைப் புதுப்பித்தாலே கையில் உள்ள டாங்கிள் விழித்துக்கொள்ளவும் கூடும்.

மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லினக்ஸ்காரர்கள் விரும்பி வாங்கிய டிபி-லிங்க் டபிள்யூஎன் 722என் டாங்கிளின் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் சிப். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்தது. பெயரும் உருவமும் அதேதான். அட்டையின் ஓரத்தில் 'வி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண் மட்டும் மாறியது. கடையில் அட்டையைத் திருப்பி அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): புளூடூத் டாங்கிள் வாங்கி ஹெட்செட்டை இணைத்தேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. வீடியோ அழைப்பில் மைக்கைப் போட்டதும் பழைய தொலைபேசி போல் ஒலி கெட்டுவிடுகிறது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் விட்டுவிட்டுக் கேட்கிறது. டாங்கிள் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாட்டுக் கேட்கும்போது புளூடூத் உயர்தர ஒலியை ஒரு திசையில் மட்டும் அனுப்புகிறது. மைக் இயங்கியதும் இரு திசையிலும் குரல் போக வேண்டியிருப்பதால், அழைப்புக்கான தரம் குறைந்த முறைக்கு அது மாறிவிடுகிறது. அதிக விலை கொடுத்து வேறு டாங்கிள் வாங்கினாலும் இது பெரிதாக மாறாது. அழைப்புச் செயலியின் அமைப்பில், கேட்பதற்கு ஹெட்செட்டையும் பேசுவதற்கு வெப்கேமராவில் உள்ள மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒலி பழையபடி திரும்பும்.

ஹார்டு டிஸ்க் விவகாரத்துக்குக் காரணம் வேறு. யூஎஸ்பி 3 இணைப்பு இயங்கும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுகிறது. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து வெளியிட்டது. புளூடூத் இயங்குவதும் அதே பகுதியில்தான். யூஎஸ்பி 3-க்கான நீல நிறத் துளையில் ஹார்டு டிஸ்க்கும், அதற்கு ஒட்டினாற்போல் டாங்கிளும் இருந்தால், சந்தைக்குள் நின்று ரகசியம் பேசுகிற கதைதான். டாங்கிளை முன்பக்கக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி மேசை மேல் கொண்டுவந்துவிடுங்கள். சிபியுவின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரோரம் ஒளிந்திருக்கும் வைஃபை டாங்கிளுக்கும் இதே வைத்தியம் பலிக்கும்.

கேள்வி (புளியரையிலிருந்து இன்னொருவர்): எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய டாங்கிள் பத்தே நாளில் செத்துப்போனது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். வழக்குப் போடவும் கேரளாவுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால வரம்பு ஏதும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள் அவகாசம் என்று கொள்ள வேண்டும். நீங்கள் பத்தாவது நாளில் இருக்கிறீர்கள். அச்சிட்ட வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

ஆனால் சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு நேரே ஆணையத்தின் படியேறச் சொல்ல மாட்டேன். அட்டையில் உள்ள இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளரின் வாரண்டி எண்ணுக்கு முதலில் பேசுங்கள். பல நிறுவனங்கள் கடையைக் கேட்காமலேயே மாற்றிக் கொடுக்கின்றன. அதிலும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பில்லின் படம், டாங்கிளின் தொடர் எண், வேறொரு கணினியிலும் செருகிப் பார்த்தபோது அது இயங்காததைக் காட்டும் சிறு வீடியோ ஆகிய மூன்றையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது மிக முக்கியம். 'உங்கள் கணினியில்தான் கோளாறு' என்பதே அவர்கள் சொல்லும் முதல் பதிலாக இருக்கும்.