மகள் யூத மதத்தில் சேர்கிறாள், அம்மா என்ன செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, மூன்று தலைமுறையாக சிஎஸ்ஐ சபை. 29 வயதான என் மகள் ஒரு வருடமாக யூதர்களில் ‘கன்சர்வேட்டிவ்’ என்ற பிரிவைச் சேர்ந்த ரப்பி (மதகுரு) ஒருவரிடம் படித்து, அடுத்த மாதம் யூத மதத்தில் சேரப்போகிறாள். இனி என் கையால் சாப்பிடுவாளா? கிறிஸ்துமஸுக்கு வருவாளா? புதுப் பெயரில் ‘ஆபிரகாம், சாராளின் மகள்’ என்று வருமாம். அப்படியென்றால் நான் யார்?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஜெப ஆலயத்தில் தோரா (யூதரின் வேதச் சுருள்) வாசிக்க அழைக்கும்போதும், கல்யாண ஒப்பந்தம் எழுதும்போதும் ‘இன்னாரின் மகள்’ என்று சொல்வது யூதர் வழக்கம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு யூதரின் மூதாதையரான ஆபிரகாமையும் சாராளையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பெயர் சபைக்குள் புழங்குவது. பெற்றவர்களுக்கான மரியாதை அதனால் குறையாது. மதம் மாறியவர் தன் தகப்பனை இழிவுபடுத்தக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் சட்டமாக எழுதிவைத்தார். இஸ்ரேலில் செஃபார்தி என்ற யூத மரபினரின் தலைமை ரப்பியாக இருந்த ஒவாதியா யோசெஃப், யூதரல்லாத பெற்றோர் இறந்தாலும் பிள்ளை அவர்களுக்காக ‘கதீஷ்’ ஜெபம் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தார்.

வேதாகமத்தில் மாமியாரின் மக்களோடு சேர்ந்துகொண்ட ரூத்தின் கதையை ஞாயிறு பள்ளியில் மகளுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஷாவுவோத் பண்டிகையில் ஜெப ஆலயங்களில் அதைத்தான் வாசிக்கிறார்கள். அதில் மாமியார் நகோமி மருமகள்களைத் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வாள். மோவாப் தேசத்தில் இருந்த ரூத்தின் அந்தத் தாய்க்குக் கதையில் பெயர்கூட இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவள்தான் என் நினைவுக்கு வந்தாள்.

அடுத்த மாதம் மூன்று பேர் கொண்ட ‘பெய்த் தின்’ என்ற யூத மத மன்றம் உங்கள் மகளிடம் கேள்வி கேட்கும். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்றும் பெரும்பாலும் கேட்பார்கள். அப்புறம் ‘மிக்வே’ என்ற நீர்த்தொட்டியில் முழுக்கு. உடம்பில் நகையோ நகப்பூச்சோ இருக்கக் கூடாது. உதவிக்கு ஒரு பெண் மட்டும் உள்ளே இருப்பார், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். கழற்றிய கம்மலை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும். கூட வரட்டுமா என்று நீங்களாகவே அவளிடம் கேளுங்கள்.

சரி, சாப்பாடு. எவ்வளவு கண்டிப்பாக இருக்கப்போகிறாள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. நாம் மட்டனைத் தயிரில் ஊறவைத்து பிரியாணி போட்டு, பக்கத்தில் தயிர்ப்பச்சடியும் வைக்கிறோம். இனி தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், அது பால் கணக்கில் வராது. பச்சடியும் நெய்யும் அன்றைக்கு வேண்டாம். கறியைக் கோஷர் (யூத உணவு விதிப்படியான) கடையில்தான் வாங்க வேண்டும். மீனில் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும் என்பதால் வஞ்சிரம் ஆகும், இறாலும் நண்டும் சுறாவும் ஆகாது. அவளுக்கென்று புதிதாக ஒரு குக்கர், ஒரு கடாய், இரண்டு கரண்டி வாங்கித் தனியாக வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பெஸாக் என்ற பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் சப்பாத்தி, ரவை, ரொட்டி கூடாது. அரிசியும் உளுந்தும் சாப்பிடலாம் என்று கன்சர்வேட்டிவ் ரப்பிகளின் குழு 2015இல் அனுமதித்தது. அவள் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டால் இட்லி சுடலாம்.

கிறிஸ்துமஸ் அன்று பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவதைப் பல ரப்பிகள் தடுப்பதில்லை. ஆராதனைக்கும் நற்கருணைக்கும் மட்டும் கூப்பிடாதீர்கள், அவள் வீட்டில் மரம் வைக்கவும் கேட்காதீர்கள். 2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. உங்கள் ஊரில் நாலரை மணியை ஒட்டி சூரியன் மறைந்துவிடும். அதற்கு 18 நிமிடம் முன்பே அவள் சப்பாத் (வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாள்) மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அதனால் விருந்தை மதியத்துக்கே வையுங்கள். இல்லையென்றால் அவளை இரவு தங்கச் சொல்லி, உங்கள் மேசையிலேயே ஏற்றட்டும் என்று இடம் கொடுங்கள்.

வெள்ளி இரவு யூத வீடுகளில் பெற்றோர் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். மகள் என்றால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல் ஆகட்டும் என்று தொடங்கி, எண்ணாகமத்தின் வரிகளைச் சொல்வார்கள்: “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.” உங்கள் சபையிலும் கேட்டிருப்பீர்கள், உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் முன் அவளுக்கு போன் போட்டு அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.