மோசே: எபிரெயப் பெயரா, எகிப்தியப் பெயரா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஒரு பையன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "மோசே எகிப்தியப் பெயராம். அப்போ பைபிள் கதை பொய்தானே?" என்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: பையன் சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. அந்த 'அப்போ'வில்தான் கோளாறு.

யாத்திராகமம் 2:10-ஐ எடுங்கள். 'ஜலத்தினின்று எடுத்தேன்' என்று சொல்லிப் பார்வோனின் மகள் பெயரிடுகிறாள். எபிரெயத்தில் 'மாஷா' என்றால் இழுத்தெடுப்பது. ஆனால் மோசேயின் எபிரெய வடிவமான 'மோஷே'வுக்கு எடுக்கப்பட்டவன் என்று பொருள் வராது. எடுப்பவன் என்றுதான் வரும். எகிப்திய இளவரசி எபிரெயத்தில் சிலேடை பேசினாள் என்பதும் கொஞ்சம் இடிக்கிறது. தலபுராணம் ஊர்ப்பெயருக்குக் கதை சொல்லுமே, அந்த வகை. எழுதியவருக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. பின்னால் ஜனங்களைக் கடல் வழியே மீட்கப்போகிறவன் என்ற குறிப்பை உள்ளே வைத்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

எகிப்திய மொழியில் 'ம்ஸ்' என்ற வேர் பிறப்பையும் பிள்ளையையும் குறிக்கும். துத்மோஸ், ராம்சேஸ் என்ற பார்வோன்களின் பெயர் இரண்டிலும் அது இருக்கிறது. முன்னால் தோத், ரா என்ற தெய்வப் பெயர்கள். தெய்வப் பெயர் சேராமல் வெறும் 'மோசே' என்றும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் ஒருவர் நிலத் தகராறில் வழக்காடி, அந்த விவரம் முழுவதையும் சக்காரா என்ற எகிப்திய இடுகாட்டில் தன் கல்லறைச் சுவரில் செதுக்க வைத்தார். அவர் பெயர் அதுதான். 'மெஸ்' என்றும் படிப்பார்கள்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. எபிரெய பைபிள் ராம்சேஸ் என்ற ஊர்ப்பெயரை 'ஸ' ஒலியுள்ள சாமெக் எழுத்தால் எழுதுகிறது. மோஷேயை 'ஷ' ஒலியுள்ள ஷின்னால் எழுதுகிறது. தமிழில் இரண்டும் 'சே' ஆகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இதைக் காட்டித்தான் எகிப்தியவியலாளர் கென்னத் கிச்சன் எகிப்திய மூலத்தை ஏற்கவில்லை. இரண்டு மொழிகளுக்கும் நடுவே எல்லாப் பெயரும் ஒரே மாதிரி ஒலி மாறுவதில்லை என்பது மறுதரப்பின் பதில். எனக்கு எகிப்திய மூலமே பொருத்தமாகப் படுகிறது. அதே லேவி குடும்பத்தில், மோசேயின் அண்ணன் ஆரோனுக்குப் பேரனான பினெகாஸின் பெயரும் எகிப்தியப் பெயர்தான்.

சரி, இதனால் மோசே வாழ்ந்தார் என்று நிரூபணமாகிவிடுமா? ஆகாது. அவர் பெயரைச் சொல்லும் எகிப்திய ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கி.மு. 1208 வாக்கில் பொறித்த, மெர்னெப்தா என்ற பார்வோனின் கல்வெட்டு இஸ்ரவேல் என்ற ஜனத்தைச் சொல்கிறது, தலைவன் யாரையும் சொல்லவில்லை. அதற்காகக் கதை பொய் என்றும் ஆகாது. எகிப்தில் வளர்ந்தவனுக்கு எகிப்தியப் பெயர் இருந்தால் கதைக்கு என்ன நஷ்டம்?

வகுப்பில் பலகையில் மோஷே, துத்மோஸ், ராம்சேஸ் மூன்றையும் எழுதி, பொதுவாக என்ன இருக்கிறது என்று அந்தப் பையனையே கேளுங்கள். அப்புறம் 2:10-ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் 'மோசேதான் அக்கெநாதன் என்ற பார்வோன்' என்று இன்னொரு வீடியோவோடு வருவான். அதற்குப் பெயர்ப் பொருத்தம்கூடக் கிடையாது.