இந்தக் கல்லை ஒட்டியது எது? படிவுப் பாறைகள் பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் சமையல் மேடை கடப்பாக்கல். எலுமிச்சைச் சாறு சிந்திய இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கடைக்காரர் போலிக் கல்லைக் கொடுத்துவிட்டாரா? (மதுரை)

அசல் கல்தான் அம்மா. அசல் என்பதால்தான் திட்டு விழுந்திருக்கிறது. கடப்பாக்கல் ஆந்திராவின் கடப்பா, கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். எலுமிச்சையில் இருக்கும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். புளிக்கரைசலும் மோரும் அதையே மெதுவாகச் செய்யும். நீங்கள் பார்ப்பது கறை இல்லை. மேல்மெருகு கரைந்துபோன இடம். கறை என்றால் தேய்த்தால் போகும், கரைந்துபோனது எப்படித் திரும்பும்? ஆள் வைத்து மறுபடி பாலீஷ் போடுவதுதான் நிரந்தர வழி. எண்ணெய் தடவினால் சில நாள் மறைந்திருக்கும்.

ஒரு வேலை செய்து பாருங்கள். கல்லின் உடைந்த விளிம்பில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி எழும். அதே சாற்றை அம்மியின் மேல் விட்டால் ஒன்றும் நடக்காது. அம்மி பூமிக்கடியில் வெந்து உருவான கல், இது கடலடியில் படிந்த கல். விளிம்பில் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும், பாருங்கள். அந்தக் கோட்டோரமாகவே கல் பலகை பலகையாகப் பிரிவதால்தான் அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் அது வசதியாக இருக்கிறது. ஓடு வைத்த உயிர்கள் கடலில் பெருகுவதற்கும் முந்தைய காலத்தில், 54 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த சேறு அது. அதனால் அதில் சிப்பி தேடாதீர்கள்.

மண் மேல் மண் விழுந்து, அழுத்தத்தால் இறுகிப் பாறையாகிறது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அழுத்தம் மட்டும் போதுமா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

போதாது. நீங்கள் கேட்டது இந்தத் துறையின் நடுக்கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் தண்ணீரோடு சேர்ந்து களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் மட்டும் மாறாது, மணலாக மிஞ்சும். ஆற்றுமணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல இருப்பதெல்லாம் குவார்ட்ஸ், நடுவே மினுங்குவது காக்காப்பொன். வெள்ளம் வேகமாக ஓடும் இடத்தில் கூழாங்கல் தங்கும், வேகம் குறைந்தால் மணல் தங்கும், தண்ணீர் தேங்கினால்தான் களி இறங்கும். ஆற்றின் வேகமே சல்லடை.

இப்படிப் படிந்ததன் மேல் இன்னும் படியும்போது, அடியில் இருக்கும் சேற்றிலிருந்து தண்ணீர் பிழியப்படுகிறது. இங்கேதான் உங்கள் ஆசிரியர் சொன்ன அழுத்தம் வருகிறது. களிக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் புதுச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மணலுக்கு அது பற்றாது. குருணைக்கும் குருணைக்கும் நடுவே நிலத்தடி நீர் ஊர்ந்து போகும்போது, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்போ அங்கே படிந்து பசையாக ஒட்ட வேண்டும். பசை இல்லாவிட்டால் எத்தனை கோடி ஆண்டு ஆனாலும் மணல் மணல்தான்.

அழுத்தத்துக்கும் வயதுக்கும் நாம் அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கிறோம். பெரம்பலூர் மாவட்டம் காரையில் வெள்ளம் அரித்த ஓடைகளுக்குள் இறங்கிப் பாருங்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக் களி, இன்னும் விரலால் உதிர்க்கலாம். ராமேசுவரம் தீவுப் பக்கம் அலை அடிக்கும் கரையோரம் கடற்கரைப் பாறை என்று ஒன்று உண்டு. கடல் நீரின் சுண்ணாம்பு மணலை ஒட்டிச் செய்த பாறை. இந்த வகைப் பாறை சில பத்தாண்டுகளிலேயே உருவாகிவிடும். உடைந்த கண்ணாடிப் புட்டியும் பீங்கான் ஓடும் பதிந்த கடற்கரைப் பாறைகளை உலகில் பல கரைகளில் கண்டிருக்கிறார்கள். கிழது இளகிக் கிடக்க, இளசு இறுகி நிற்கிறது. ஒரு படிவுப் பாறையைக் கையில் எடுத்தால் நான் முதலில் வயதைக் கேட்பதில்லை. எங்கிருந்து வந்தாய், யார் கொண்டுவந்தது, எது ஒட்டியது என்றுதான் கேட்பேன்.

சுண்ணாம்புக்கல் வேதிப் படிவா, உயிரினப் படிவா? ஒவ்வொரு கையேட்டிலும் ஒவ்வொரு விடை. தேர்வுக்குப் படிக்கிறேன். (திருநெல்வேலி)

தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள், மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். ஆனால் சுண்ணாம்புக்கல் ஒரு பெட்டிக்குள் அடங்காது. குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுது நீரிலிருந்து நேரே படிந்தது, அது வேதிப் படிவு. பவளம் கட்டிய திட்டு உயிரினப் படிவு. செத்த சிப்பிகளை அலை நொறுக்கி, அள்ளிவந்து கரையில் குவித்து அது இறுகினால்? பொருள் உயிர் தந்தது, வேலை மணற்கல்லின் வேலை. அதனால்தான் 1962இல் டன்ஹாம் என்ற நிலவியலாளர் வேறு விதமாகப் பிரித்தார். கல்லுக்குள் ஓட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கி நிற்கின்றனவா, இல்லை சேற்றில் மிதக்கின்றனவா என்று பார்த்தார். சேறு அதிகம் என்றால் அமைதியான நீர். துண்டுகள் நெருங்கிச் சேறே இல்லை என்றால் அலை அடித்துக் கழுவிய இடம். பெயரிலேயே அந்தக் கடலின் குணம் வந்துவிடுகிறது.

சுத்தமான வேதிப் படிவைப் பார்க்க உங்களுக்குத் தூத்துக்குடி உப்பளம் பக்கம்தானே? கடல் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. கடைசியில் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். முன்பாத்திகளில் ஜிப்சமும் பின்பாத்திகளில் உப்பும் விளைவது இந்த வரிசையால்தான். பழைய கடல்கள் வற்றிய இடங்களில் பாறையிலும் இதே வரிசை அடுக்காகக் கிடைக்கிறது.

நெய்வேலி நிலக்கரி பாறைக் கணக்கில் சேருமா?

சேரும். சதுப்பில் விழுந்த மரமும் இலையும் காற்றுப் படாமல் மூடப்பட்டு உருவான உயிரினப் படிவு. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அது நிலக்கரியின் இளம் நிலை. ஆழமும் வெப்பமும் கூடியிருந்தால் கறுப்பு நிலக்கரியாகியிருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவர் செம்புராங்கல். மணற்கல்லும் இதுவும் ஒன்றா? பளிங்கு எந்த வகை? (புதுக்கோட்டை)

ஒன்றல்ல. செம்புராங்கல் எங்கிருந்தும் அடித்து வரப்பட்டது இல்லை. இருந்த இடத்திலேயே பாறை அழுகி, கரையக்கூடியதெல்லாம் மழையோடு போய், இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகியது. பளிங்கு என்பது சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் உருமாறியது, அதனால் அது உருமாறிய பாறை.

எங்கட நிலாவரைக் கிணறு ஏன் வற்றுவதில்லை? கீழே போகப் போக உப்பு என்கிறார்களே? (யாழ்ப்பாணம்)

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. மழைநீரின் மெல்லிய அமிலம் வெடிப்பு வழியே இறங்கிக் கல்லைக் கரைத்து உள்ளே பொந்தும் வழியுமாக்கிவிடும். அப்படிக் கூரை இடிந்த பள்ளம்தான் நிலாவரை. சுற்றியுள்ள நீர் அந்த வழிகளால் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல நீர் பாரம் குறைவு, கடல் நீர் பாரம் கூட. அதனால் மேலே நன்னீர் மிதக்கிறது. மேலே அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவரும். ஊரிலுள்ள மற்றக் கிணறுகளுக்கும் இதே பயம் உண்டு.

களத்தில் வண்டலையும் களியையும் பிரித்தறிய எளிய வழி? (புவியியல் ஆசிரியை, விழுப்புரம்)

பல். ஒரு துணுக்கை முன்பற்களுக்கு நடுவே வைத்து மெல்லக் கடித்தால், நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் போல வழுக்கினால் களி. கணக்குப்படி 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 2 முதல் 0.06 வரை மணல், 0.004 வரை வண்டல், அதற்கும் கீழே களி. 0.004 மில்லிமீட்டரைக் கண் பார்க்காது, பல் உணரும். பிள்ளைகளுக்குச் சுத்தமான இடத்து மண்ணைக் கொடுங்கள்.

திருவக்கரை கல்மரங்களுக்கு அவர்களை அழைத்துப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே ஒரு கேள்வியோடு நிறுத்துங்கள்: கிடக்கும் மரங்களில் கிளை எங்கே, வேர் எங்கே? எல்லாம் மொட்டை அடிமரம். ஆறு உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள், அங்கே வளர்ந்தவை அல்ல. பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அரியலூர் பக்கம் எங்கள் வயலில் உழும்போது சிப்பி மாதிரி கல் வருகிறது. சுனாமியில் வந்ததா? என்ன செய்வது?

சுனாமி இல்லை ஐயா, அங்கே கடலே இருந்தது. டைனோசர் காலத்தில் கடல் உள்ளே வந்து, பலமுறை ஏறி இறங்கிப் போனது. 1860களிலேயே பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்து வரைபடம் போட்டுவிட்டார். உங்கள் பக்கத்துச் சிமெண்ட் சுரங்கங்களில் வெட்டுவதும் அந்தச் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்தான். சிப்பியோடு ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கல் கிடைத்தால் அது அம்மோனைட், அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓடு. நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அந்த வகை உயிர்தான், அது இன்னும் பழையது.

ஏர் மேலே கொண்டுவந்ததைக் கழுவி வையுங்கள். எந்த வயல், எந்த மூலை, எவ்வளவு ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். சீட்டு இல்லாத சிப்பி வெறும் அழகுப் பொருள். பாறையில் பதிந்து நிற்பதைத் தோண்ட வேண்டாம், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மேலே எந்த அடுக்கு, கீழே எந்த அடுக்கு என்பதும் படத்தில் தெரியட்டும்.