ஆளை ஏன் மறைக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் லைசியம் அரங்கில் ‘தி லயன் கிங்’ இசைநாடகம் பார்த்தேன். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. பிறகு எப்படி 1999 முதல் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது? டிஸ்னி பெயருக்காகத்தானே? இன்னொன்று: முகமூடியைத் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டு நடிகர்கள் சொந்த முகத்தோடு வருகிறார்கள். சிறுத்தையை ஆட்டும் பெண் அப்படியே தெரிகிறார். அவ்வளவு பணம் வைத்திருப்பவர்கள் ஆளை மறைத்திருக்கலாமே?

கோமதி

அன்புள்ள கோமதி,

டிஸ்னி பெயர் கொஞ்ச காலம் டிக்கெட் விற்கும், அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் ‘டார்சான்’ இசைநாடகம் நியூயார்க்கில் 2006இல் வந்து மறு வருடமே மூட்டை கட்டியது. ‘லயன் கிங்’ அங்கே 1997 நவம்பரிலிருந்து ஓடுகிறது. கதையும் பாட்டும் தெரிந்தவையாகவே இருக்கட்டும், அதை ஓட வைப்பது நீங்கள் குறை சொன்ன அந்த ஆட்டும் விதம்தான்.

சிறுத்தையை ஆட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்கள், சந்தோஷம். கவனித்ததைக் குறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. சிறுத்தையின் உடல் அந்தப் பெண்ணின் இடுப்புக்கு முன்னால் நீள்கிறது. பின்னங்கால்கள் அவருடைய சொந்தக் கால்கள். முன்னங்கால்களைக் கோல் பிடித்து நடத்துகிறார். அவர் தலையிலிருந்து சிறுத்தையின் தலைக்கு ஓர் இணைப்பு போகிறது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பும். அவரைக் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள், வெறும் பொம்மைதான் மிஞ்சும். இயக்குநர் ஜூலி டேமோர் இந்தோனேசியாவில் பல வருடம் இருந்து நாடகம் போட்டவர். ஆட்டுபவரும் ஆடுவதும் ஒன்றாகத் தெரிவது அவர் வேண்டுமென்றே செய்தது.

முகமூடிக்கு வருவோம். சிங்க ராஜா முஃபாசாவுடையது சூரியனைப் போல வட்டம். அவனுடைய வில்லன் தம்பி ஸ்காருடையது எலும்பும் கோணலுமாக இருக்கும். எதிலும் ஒரே ஒரு முகபாவத்தைத்தான் செதுக்க முடியும். இரண்டரை மணி நேரம் அது மாறாது. மாறுவதெல்லாம் கீழே இருக்கிற மனித முகம். கார்பன் இழை சேர்த்துச் செய்ததால் முஃபாசாவின் முகமூடி 300 கிராம் அளவுதான் இருக்கும். நடிகர் பாய்வதற்குக் குனியும்போது மோட்டார் அதை முகத்துக்கு முன்னால் இறக்கும். மனிதன் போய்ச் சிங்கம் நிற்கும் நொடி அது. முதலிலிருந்தே மூடியிருந்தால் அந்த நொடி எங்கிருந்து வரும்? தலையை முழுசாக மூடினால் வேறு தொல்லைகளும் உண்டு: பாட்டு உள்ளேயே முட்டும், பக்கவாட்டுப் பார்வை போய்விடும், வியர்வை கண்ணில் இறங்கும்.

வறட்சி வரும்போது மேடையில் கிடக்கும் நீலப் பட்டுத் துணியை ஓர் ஓட்டை வழியாக உள்ளே இழுக்கிறார்கள், குளம் வற்றிவிடுகிறது. முஃபாசா செத்ததும் பெண் சிங்கங்கள் கண்ணிலிருந்து வெள்ளை நாடாவை உருவி அழுகின்றன. நாடா என்று தெரிந்தேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

மறைத்தும் பார்த்துவிட்டார்கள், அம்மா. 2019இல் இதே கதையைக் கணினியில் மயிர்க்கால் வரை அசல் சிங்கமாகவே படம் எடுத்தார்கள். அப்பன் செத்த குட்டியின் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அதே வருடம் பூனைகளைப் பற்றிய ‘கேட்ஸ்’ இசைநாடகமும் படமாக வந்தது. அது லண்டன் மேடையில் 1981 முதல் 2002 வரை ஓடியபோது பூனைகளுக்கு ஒப்பனையும் பொய்முடியும் இறுக்கமான உடையும் போதுமாக இருந்தன. படத்தில் கணினியால் ரோமம் ஒட்டினார்கள். வெளியான பிறகு வரைகலையைத் திருத்தித் திரையரங்குகளுக்கு மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்னொரு முறை போனால் கீழ்த்தளத்தில் நடைபாதையை ஒட்டிய இருக்கையாகக் கேளுங்கள். மிருகங்கள் முதல் பாட்டிலேயே அந்த வழியாக வந்துவிடும், தாமதமாகப் போகாதீர்கள். யானையின் ஒவ்வொரு காலுக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறார். நாலு பேரும் எப்படி அடி சேர்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.