புது எஞ்சின் ஆயிலை வடிகட்ட எது சரி?

கேள்வி: எங்களிடம் சில வேன்களும் டீசல் ஜெனரேட்டர்களும் உள்ளன. எஞ்சின் ஆயிலை 200 லிட்டர் பேரலாக வாங்கி, ஜக்கில் பிடித்து ஊற்றுகிறோம். புது ஆயிலிலும் தூசி இருக்கும் என்று சொல்லி ஒருவர் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டர் மெஷினையும், இன்னொருவர் ஆயிலை வேகமாகச் சுழற்றிக் கசடைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜையும் வாங்கச் சொல்கிறார்கள். துணியில் வடிகட்டினால் போதாதா?

பதில்: புது ஆயிலில் தூசி இருக்கும் என்பது பொய்யில்லை. டேங்கர், பம்ப், ஹோஸ், பேரல் என்று கைமாறும் இடமெல்லாம் கொஞ்சம் சேர்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 40 மைக்ரானுக்கு மேல்தான். பேரிங்கில் ஓடும் ஆயில் படலமோ அதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆகவே ‘பளிச்சென்று இருக்கிறதே’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

துணியை விட்டுவிடுங்கள். பூச்சியைத் தடுக்கும், பதிலுக்குத் தன் நூலிழையை ஆயிலில் விடும். சென்ட்ரிஃபியூஜ் ஓடிக் கறுத்த ஆயிலில் கசடைப் பிரிக்க, அதுவும் கப்பல் போன்ற பெரிய எஞ்சின்களுக்கு, அருமையான கருவி. உங்கள் பேரலுக்கு அது வீண்செலவு.

உங்களுக்கு வேண்டியது ஒரு சிறிய பம்ப், அதன் வெளிவழியில் 10 மைக்ரான் ஃபில்டர், ஒரு பிரஷர் கேஜ். அவ்வளவே. ஆனால் ‘10 மைக்ரான்’ என்ற எண்ணை மட்டும் காட்டி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். “பீட்டா எவ்வளவு?” என்று கேளுங்கள்; ஃபில்டர் எந்த அளவுக்குத் துகளைப் பிடிக்கும் என்று சொல்லும் எண் அது. பீட்டா 2 என்றால் அந்த அளவுத் துகள்களில் பாதி தப்பிப் போகும். பீட்டா 1000 என்றால் ஆயிரத்தில் ஒன்றுதான் தப்பும். இரண்டின் அட்டைப்பெட்டியிலும் ‘10 மைக்ரான்’ என்றே போடலாம்! பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவரிடம் வாங்காதீர்கள். 1 மைக்ரான் மெஷின் எஞ்சின் ஆயிலுக்கு வேண்டாத வேலை. நுரையை அடக்க ஆயிலில் சேர்க்கும் சிலிக்கான் மருந்து அதில் கரைவதில்லை, நுண்துளியாக மிதக்கிறது. வடிகட்டி மிக நுண்ணியதாக இருந்தால் தூசியோடு அதையும் பிடித்துவிடலாம். களிமண் நிரப்பிய வடிகட்டியைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், ஆயிலில் கலந்துள்ள மருந்துகளையே அது உறிஞ்சிவிடும்.

இத்தனையும் நீங்களே யோசிக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். ஆயிலில் எவ்வளவு துகள் என்று சொல்ல ஐ.எஸ்.ஓ. 4406 என்ற குறியீடு இருக்கிறது. 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களுக்கு மூன்று எண்கள், எண் ஒன்று ஏறினால் துகள் இரண்டு மடங்கு. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். எஞ்சின் ஆயில் பேரலில் 15டபிள்யூ-40 என்று ஆயிலின் கெட்டித்தன்மை கொட்டை எழுத்தில் இருக்கும், தூசிக் கணக்கு இருக்காது. கேட்டால், “புது ஆயில் சார், சந்தேகமே வேண்டாம்!”

தண்ணீர் புகுந்த பேரல் மட்டும் தனி விஷயம். வெயிலில் நிமிர்ந்து நிற்கும் பேரல் மழையில் குளிர்ந்தால், மேலே தேங்கிய தண்ணீரை மூடியிடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். ஹைட்ராலிக் ஆயிலாக இருந்தால் பெரும்பாலும் அடியில் தங்கும், வடித்துவிடலாம். எஞ்சின் ஆயிலில் அழுக்கைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து உண்டு. அதே மருந்து தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால் ஆயில் மோர் போல் வெளுக்கும். 10 மைக்ரான் ஃபில்டரில் அது அப்படியே தாண்டிவிடும். தண்ணீர் உறிஞ்சும் எலிமென்ட் சொற்ப அளவுக்குத்தான். வெற்றிடத்தில் நீரைப் பிரிக்கும் யந்திரம் வேலை செய்யும், ஒரு பேரலுக்காக அதைத் தேடி அலைவது கட்டுப்படியாகாது. வெளுத்த ஆயிலை எஞ்சினில் ஊற்றாதீர்கள். இனிமேல் பேரலைக் கூரைக்குக் கீழே படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் வரும்படி வையுங்கள்.

இன்னொன்று: சீல் உடைந்த பேரலைப் பாதி விலைக்குத் தரும் இடைத்தரகர், “வடிகட்டினால் புதுசுதான்” என்பார். வடிகட்டி தூசியை எடுக்கும். பழைய ஆயிலைப் புதிதாக்காது, கலப்படத்தைப் பிரிக்காது.

குளிர்ந்து கெட்டியான ஆயிலை வேகமாகத் தள்ளினால் பிரஷர் ஏறி, ஃபில்டரைச் சுற்றிப் போக வழிவிடும் பைபாஸ் வால்வு திறந்து, ஆயில் வடிகட்டப்படாமலே போகும். கேஜ் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். மெதுவாக ஓட்டுங்கள். இளஞ்சூட்டில் இருந்தால் நல்லது, பேரலுக்கடியில் நெருப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். வடிகட்டியதை மூடியுள்ள கேனில் பிடித்து எஞ்சினுக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பழைய ஜக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம்.