தக்காளி: விதை வாங்குவதா, நாற்று வாங்குவதா?

கேள்வி: மொட்டை மாடியில் எட்டு வளர்ப்புப் பைகளில் தக்காளி வைக்க விரும்புகிறேன். அருகிலுள்ள நர்சரியில் நாற்று ஒன்றுக்கு ஐந்து ரூபாய் சொல்கிறார்கள்; விதைப் பொட்டலம் நாற்பது ரூபாய். பொட்டலத்தில் நூறு விதைகளுக்குக் குறையாது என்பதால் விதையே லாபம் என்கிறார் என் கணவர். எதை வாங்கலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: எட்டு நாற்றுக்கும் நாற்பது ரூபாய், ஒரு பொட்டலத்துக்கும் நாற்பது ரூபாய் என்னும்போது விலையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. மிஞ்சும் விதைகளை லாபம் என்று எண்ண வேண்டுமானால், அவை அடுத்த பருவம் வரை முளைப்புத் திறன் கெடாமல் இருக்க வேண்டும். ஈரம் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தக்காளி விதை இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படும். பிரித்த பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் போட்டு வைப்பவருக்கு அந்த லாபம் கிடைக்காது.

விதையிலிருந்து தொடங்குபவர் குழித்தட்டும் மக்கிய தென்னை நார்க்கழிவும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விதைத்த ஐந்து முதல் எட்டு நாட்களில் முளை தெரியும் என்றாலும், எடுத்து நடுவதற்கு ஏற்ற நாற்றாக அது வளர ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும். அதற்குள் நீரை அளவுக்கு மீறி ஊற்றினால் தண்டின் அடிப்பகுதி அழுகி நாற்றுகள் கொத்தாகச் சாய்ந்துவிடும். அதற்குப் பயந்து நிழலிலேயே வைத்திருந்தால் அவை வெளிறி, நெட்டையாக வளர்ந்து வலுவிழக்கும். முதல்முறை தோட்டம் போடுபவர்களின் விதை பெரும்பாலும் வீணாவது இந்த 25 நாட்களில்தான். நாற்றுக்குக் கொடுக்கும் ஐந்து ரூபாயில் பெரும்பகுதி இந்தப் பராமரிப்புக்கான கூலி என்றே கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும், எந்த ரகம் வளரப்போகிறது என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கும் உரிமை விதையில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. குழித்தட்டு நாற்றுகள் பெரும்பாலும் வயலுக்காக வளர்க்கப்படுபவை. அவற்றில் பல, கொடிபோல் நீண்டு வளர்ந்து குச்சியும் கயிறும் கேட்கும் வீரிய ஒட்டு ரகங்கள், அதாவது இரு வேறு செடிகளை இணைத்து உருவாக்கும் ஹைபிரிட் ரகங்கள். சிறிய பைக்கு, ஓரளவு வளர்ந்ததும் உயரம் நின்றுவிடும் குத்து ரகம் பொருந்தும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் நிலையம் வெளியிட்ட பி.கே.எம். 1 அத்தகையது. இலைச்சுருள் நோய், பாக்டீரியா வாடல், முன்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் செடி வேண்டும் என்பவருக்குப் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் இருக்கிறது. அது ஓரளவு நீண்டு வளரும் வீரிய ஒட்டு ரகம், ஆகவே பந்தலோ குச்சியோ தயாராக இருக்க வேண்டும். இந்தப் பெயர்களை நர்சரியில் கேட்டால், "நல்லா காய்க்கும், எடுத்துட்டுப் போங்க" என்பதே பல இடங்களில் விடையாக இருக்கிறது.

ஆகவே, இந்தப் பருவத்துக்கு எட்டுப் பைக்குப் பத்து நாற்றுகளாக வாங்குங்கள். இரண்டு பட்டுப்போனாலும் பை காலியாக இருக்காது. செடி வளர்ப்பில் கை பழகிய பிறகு, விருப்பமான ரகத்தை விதையிலிருந்து வளர்க்கலாம். எப்படி வளர்த்தாலும், பூக்கும் காலம் சித்திரை வெயிலில் வந்து விழாதபடி நடவு நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூக்கள் உதிரும், எஞ்சியவையும் சரியாகப் பிஞ்சு பிடிக்காது.

கேள்வி: சென்ற முறை வாங்கிய நாற்றுகளில் பாதிக்கு மேல் இலை சுருண்டு, வளர்ச்சி நின்றுவிட்டது. பராமரிப்பில்தான் குறை என்று நர்சரிக்காரர் கைவிரித்துவிட்டார். (வாசகர், ஈரோடு)

பதில்: நீங்கள் சொல்வது இலைச்சுருள் நச்சுயிரியாக இருக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் இந்நோய் தொற்றியவுடன் வெளியே தெரியாது. அறிகுறி தோன்ற இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், நர்சரியில் வந்ததா, உங்கள் மாடியில் வந்ததா என்று பின்னால் நிறுவுவது கடினம். வந்த செடிக்கு மருந்தும் இல்லை. பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.

ஆகவே கவனமெல்லாம் வாங்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். நெருக்கமான பூச்சி வலைக்குள் நாற்று வளர்க்கும் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். திறந்த வெளியில், காய்த்து ஓய்ந்த பழைய செடிகளுக்குப் பக்கத்தில் தட்டுகளை அடுக்கியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். தட்டை மெல்லத் தட்டி, இலையைத் திருப்பிப் பாருங்கள்; வெண்ணிறச் சிறு பூச்சிகள் பறந்தால் திரும்பிவிடலாம். தட்டிலேயே பூவோ பிஞ்சோ வந்த நாற்று விரைவில் காய்க்கும் என்று பலர் விரும்பி எடுக்கிறார்கள்; அது வேர் நெருங்கி முதிர்ந்துபோன நாற்று, நட்ட பிறகு எளிதில் தேறாது. சற்றே நெட்டையான நாற்றை ஒதுக்க வேண்டியதில்லை. தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடத்திலும் வேர் விடும் என்பதால் அதை ஆழமாக நட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: கடைப் பழத்திலிருந்து விதை எடுத்தால் இரண்டு செலவும் இல்லையே? (வாசகர், மதுரை)

பதில்: முளைக்கும். ஆனால் சந்தைக்கு வரும் பழங்களில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகம் என்பதால், அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இராமல் பலவிதமாகப் பிரியும். பி.கே.எம். 1 போன்ற, வீரிய ஒட்டு அல்லாத ரகமாக இருந்தால், தக்காளி பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் நல்ல செடியின் விதையைத் தயங்காமல் எடுத்து வைக்கலாம்.

கேள்வி: விதை முளைக்காவிட்டால் கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: கேட்கலாம், எவ்வளவு முளைக்கவில்லை என்பதைப் பொறுத்தது அது. தக்காளி விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 விழுக்காடு. நூறில் முப்பது முளைக்காமல் போனாலும் அது குறையாகாது. பொட்டலத்தில் ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த நாள், முளைப்புத் திறன் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் இருபது விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சோதித்த பிறகு மற்றவற்றை விதையுங்கள். விதை விற்பவர் ரசீது தர வேண்டும் என்று 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர்களின் நாற்றையும் விதை என்ற சொல்லுக்குள் அடக்குகிறது என்றாலும், தட்டில் எடுத்துத் தரும் நாற்றுடன் விவர அட்டை கிடைப்பது அரிது. அங்கே ரகத்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லி வாங்குவதே உங்களுக்குள்ள சான்று.

குறையுள்ள விதையால் நட்டமடைந்த விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஏக்கர் கணக்கில் நட்டம் கண்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வது நியாயம். நாற்பது ரூபாய்ப் பொட்டலத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை; மாற்றுப் பொட்டலம் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். இதற்கெல்லாம் ரசீதும் காலிப் பொட்டலமும் வேண்டும் என்பதால், செடி காய்க்கத் தொடங்கும்வரை அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம்.