கார் கேள்வி நேரம்: நடுத்தர செடான்களில் எது?

இந்த இதழில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களின் கேள்விகள். எல்லாமே நடுத்தர செடான் பற்றியவை.

ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா நான்கையும் பார்த்துவிட்டோம். வீட்டில் ஐந்து பேர், அப்பா அம்மாவும் உண்டு. மாதம் இரண்டு முறை சென்னையோ பெங்களூரோ போவோம். எதை வாங்கலாம்?
– குடியாத்தம் வாசகர்

கம்பெனி பெயரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த ஜோடியைப் பாருங்கள். ஒரே காரின் இரண்டு வேரியன்ட்டுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது.

சிட்டியில் 1.5 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சின். 121 பி.எஸ். பவர், 145 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4300 சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும்போதுதான். வெர்னாவின் சாதா 1.5 எஞ்சினும் கிட்டத்தட்ட இதே குணம்: 115 பி.எஸ்., 143.8 நியூட்டன் மீட்டர். ஐந்து பேர், பெட்டிகள், ஏ.சி. என்று கிளம்பி, ஹைவேயில் கன்டெய்னர் லாரியைத் தாண்ட நினைத்தால் கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட வேண்டும். விர்டஸ், ஸ்லாவியாவில் வரும் 1.0 டர்போ சிறியதுதான், மூன்று சிலிண்டர்தான். ஆனால் 178 நியூட்டன் மீட்டரும் 1750 ஆர்.பி.எம்-மிலேயே வந்துவிடும். அதற்குக் கீழே மட்டும் சோம்பல். மேனுவல் கியர் எடுத்தால் டவுன் நெரிசலில் இரண்டாவது கியரில் இழுக்காது, முதல் கியருக்குப் போக வேண்டியிருக்கும். வெர்னா டர்போவும் (160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர்), விர்டஸ், ஸ்லாவியாவின் 1.5 டர்போவும் (150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர்) இந்தக் குறை எதுவும் இல்லாதவை. விலைதான் ஏறும்.

அடுத்தது பின் சீட். வெர்னாவில் கால் நீட்ட இடம் தாராளம். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2670 மி.மீ., நான்கிலும் நீளமானது. ஆனால் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். விர்டஸ், ஸ்லாவியாவில் நடுவில் தரை மேடு உயரம். மூன்றாவது ஆள் சிரமப்பட்டுத்தான் உட்கார வேண்டும். மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உரசாமல் உட்கார சிட்டிதான் மேல்.

பாதுகாப்பை இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் விர்டஸ், ஸ்லாவியா இரண்டும் 2023 ஏப்ரலில் 5 நட்சத்திரம் வாங்கின. பெரியவர் பாதுகாப்பில் 34-க்கு 29.71. அதே ஆண்டு அக்டோபரில் வெர்னாவும் 28.18 மதிப்பெண்ணோடு 5 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அறிக்கையை முழுக்கப் படித்தால், ஸ்லாவியா, விர்டஸின் பாடி ஷெல் (ஆட்கள் உட்காரும் கூடு) உறுதியானது என்றும், வெர்னாவின் பாடி ஷெல்லும் கால் வைக்கும் இடமும் உறுதியற்றவை என்றும் இருக்கிறது. ஷோரூமில் நட்சத்திரத்தை மட்டும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். சிட்டி 2020-இல் ஆசியான் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. அது வேறு சோதனை முறை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

எங்கள் முடிவு: பின்னால் எப்போதும் மூன்று பேர் என்றால் சிட்டி சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்). பெரும்பாலும் நான்கு பேர்தான், ஐந்தாமவர் எப்போதாவது என்றால் ஸ்லாவியா அல்லது விர்டஸ் 1.0, டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது). அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய்ப் பின் சீட்டில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியிருந்தால், மூட்டு வலிக்கு இந்த நான்கில் எதுவும் ஒத்துவராது. சீட் உயரமான வேறு வகை வண்டியைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் வரிசையாக ஸ்பீட் பிரேக்கர். செடான் வாங்கினால் அடி தட்டும் என்கிறார்கள். உண்மையா?
– காட்பாடி வாசகர்

ஸ்பீட் பிரேக்கர் எப்படிப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வளைவான மேடு 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டிருந்தால் எந்த செடானும் தட்டாது. தெருக்காரர்களே ஒரு முழ அகலத்தில் கூம்பாகப் போட்டுவைப்பதில்தான் தட்டுகிறது.

சிட்டியின் தரை இடைவெளி 165 மி.மீ., ஸ்லாவியா, விர்டஸ் 179 மி.மீ. இது ஆள் ஏறாத கணக்கு. ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் பின்பக்கம் நன்றாக இறங்கிவிடும். ஆகவே டெஸ்ட் டிரைவ் வண்டியில் வீட்டார் அனைவரையும் உட்காரவைத்து, எஞ்சின் கார்டுக்கும் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகடு) தரைக்கும் நடுவே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின்னால் சைலன்சர் குழாய்க்குக் கீழேயும் அளக்க வேண்டும். முதலில் உரசுவது பல நேரம் அதுதான். வீல்பேஸ் நீளமான காரில் மேடு சரியாக வண்டியின் நடு வயிற்றுக்கு வரும்போதும் தட்டும்.

ஓட்டும் முறையிலும் பாதி இருக்கிறது. மேட்டின் மேலேயே பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் குனிந்து பம்பர் உரசும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன் சக்கரம் தொடும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். உயர மேட்டில் சற்றுக் குறுக்காக ஏறுங்கள், ஒரு சக்கரம் ஏறிய பிறகு அடுத்தது. முழு லோடு போகும் நாளில், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்கு எவ்வளவு போட்டிருக்கிறதோ அந்தக் காற்று பின் டயரில் இருக்கட்டும். ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர், ஸ்பேசர் வைத்து உயர்த்தித் தருகிறோம் என்று சொல்வார்கள். வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும், அலைன்மென்ட் நிற்காது, வாரன்ட்டியும் போகும்.

சிட்டி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளது) லிட்டருக்கு 27 கி.மீ. தரும் என்கிறார்களே, கூடுதல் பணம் கொடுக்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

27.13 என்பது மைலேஜுக்குச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கூடத்தின் கணக்கு. சாதா சிட்டி சி.வி.டி-க்கே அங்கே 18.4 வந்தது. நம் சாலையில் இரண்டுமே குறையும். சாதா வண்டி 14, ஹைபிரிட் 21 என்று வைத்துக்கொண்டு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போடுங்கள். கிலோமீட்டருக்கு 7.14 ரூபாய், 4.76 ரூபாய். மிச்சம் 2.38. வருடம் 15,000 கி.மீ. ஓட்டினால் 35,700 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் மூன்றரை லட்சம் என்றால் போட்ட பணம் திரும்பப் பத்து வருடம் ஆகும். வருடம் 30,000 ஓட்டுகிறவருக்கு ஐந்தே வருடம்.

டவுன் நெரிசலில்தான் ஹைபிரிட் நன்றாகச் சம்பாதிக்கும். ஹைவேயில் 100-இல் ஒரே சீராகப் போனால் எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருக்கும், லாபம் சுருங்கும். இன்னொன்று, பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 லிட்டராகக் குறைந்துவிடுகிறது. ஷூ சாம்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் என்றால் இது பெரிய இழப்பு. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்ட்டி இருக்கிறது. அந்தப் பயம் வேண்டியதில்லை.

ஏலகிரிக்கு அடிக்கடி போவேன். ஆட்டோமேட்டிக் தாங்குமா?
– திருப்பத்தூர் வாசகர்

தாங்கும். எந்த ஆட்டோமேட்டிக் என்பதுதான் கேள்வி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் பஸ் ஒன்று ஊர்ந்து ஏறினால், டூயல் கிளட்ச் கியர் பெட்டி (வெர்னா டர்போவின் டி.சி.டி., விர்டஸ், ஸ்லாவியா 1.5-இன் டி.எஸ்.ஜி.) அரைக் கிளட்சில் நின்று நின்று ஏறும். இவை உலர் கிளட்ச். சூடு எண்ணெயில் கரைந்து போகாது, தகட்டிலேயே தங்கும். நெடுநேரம் அப்படி ஏறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். பஸ்ஸோடு இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் அறவே கூடாது. அதுதான் கிளட்சைத் தின்னும். பிரேக்கில் நில்லுங்கள்.

1.0 டர்போவோடு வரும் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டருக்கு இந்தக் கவலை இல்லை. மலைக்கு அடிக்கடி போகிறவருக்கு எங்கள் பரிந்துரை அதுதான். சி.வி.டி. மென்மையாக ஏறும், ஆனால் மிதித்தால் சத்தம் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். இறங்கும்போது எந்தப் பெட்டியானாலும் டி-யில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். எஸ் (ஸ்போர்ட்) மோடோ, ஸ்டியரிங் பின்னால் இருக்கும் கியர் பேடிலோ போட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்குங்கள். பிரேக் சூடேறி மிதி மென்மையாக இறங்குவதுபோல் தோன்றினால், ஓரம் கட்டிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும்.

ஷோரூம் விலைக்கும் ஆன்-ரோடு விலைக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? எதில் குறைக்கலாம்?
– ராணிப்பேட்டை வாசகர்

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த செடான்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். டிசையர், அமேஸ் போன்ற நான்கு மீட்டருக்குள் வரும் பெட்ரோல் வண்டிகளுக்கு 18. அது ஷோரூம் விலையிலேயே அடக்கம். அதற்கு மேல் வருவது சாலை வரி. 2023 நவம்பரில் தமிழ்நாடு மாற்றிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வரி, கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9.9 லட்சம் வண்டிக்கு 1,28,700 ரூபாய். 10.1 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் 53,100. உங்கள் வேரியன்ட் 10 லட்சத்தையோ 20 லட்சத்தையோ ஒட்டி நின்றால் இதைக் கண்டிப்பாகக் கணக்குப் போடுங்கள்.

10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவு அல்ல. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

குறைக்க முடிவது இன்சூரன்ஸில். டீலர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள். ஒப்பிடும்போது ஐ.டி.வி. (வண்டி தொலைந்தால் கிடைக்கும் காப்பீட்டு மதிப்பு) ஒன்றாக இருக்க வேண்டும். புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம். ஜீரோ டெப்ரிசியேஷன் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) இரண்டிலும் இருக்கட்டும். ஐ.டி.வி-யைக் குறைத்துக் காட்டி மலிவு என்பவர்களிடம் ஜாக்கிரதை. 2022 ஜூனில் வந்த விகிதப்படி மூன்று வருட மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640. 999 சி.சி. உள்ள 1.0 டர்போ இங்கே கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். “ஹேண்ட்லிங் சார்ஜ்” என்று ஒரு தொகை பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்? அவர்கள் ஒரு ரவுண்டு அடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.
– ஆற்காடு வாசகர்

நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் வண்டியைக் கேளுங்கள். நேரம் பகல் ஒரு மணி. நம் ஊர் வெயிலில் காலை பத்து மணிக்கு ஏ.சி. பார்ப்பது வீண். வண்டியை வெயிலில் கண்ணாடி ஏற்றி அரை மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஏ.சி. போட்டு, நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் பின்னால் இருப்பவருக்குக் குளிர் வந்து சேர வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் சீட்டின் முதுகில் கை வையுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அங்கேதான் தெரியும். அது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் ஐந்து வருடமும் பிடிக்காது. காட்பாடி மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்தி எடுங்கள். ஹைவேயில் டாப் கியரில் 80-இலிருந்து 100-க்கு மிதித்துப் பாருங்கள். டயர் சத்தம் பேச்சை மறைக்கிறதா என்று பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விற்பனையாளர் பாட்டைப் போட்டால் அணைத்துவிடுங்கள்.

பழைய மாருதி சியாஸ் கிடைக்கிறது. விற்பனை நின்றுவிட்டதே, பார்ட்ஸ் கிடைக்குமா?
– வாணியம்பாடி வாசகர்

கிடைக்கும். சியாஸ் 2025 ஏப்ரலில் நின்றது. ஆனால் அதன் கே15பி எஞ்சின் மாருதியின் ஜிம்னி வண்டியிலும் ஓடுகிறது. பம்பர், ஹெட்லைட் போன்ற பாடி பார்ட்ஸுக்குத்தான் பிற்காலத்தில் காத்திருக்க வேண்டி வரலாம். 510 லிட்டர் டிக்கி, பின்னால் தாராளமான இடம். விலை சரியாக இருந்தால் நல்ல வண்டி.

டெலிவரி எடுக்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?
– சத்துவாச்சாரி வாசகர்

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் பார்த்துப் பயனில்லை. பதிவுக்கு அனுப்பும் முன்பே ஸ்டாக் யார்டில் போய்ப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் வந்துவிட்டால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள்.

படிவம் 22-இல் (கம்பெனி தரும் தகுதிச் சான்று) தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். ஜனவரியில் வாங்கும் வண்டி போன வருடத்தில் தயாரானது என்றால் தள்ளுபடி கேளுங்கள், மறுவிற்பனையில் ஒரு வருடம் குறைத்துத்தான் பார்ப்பார்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம். நான்கு டயரும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேசிஸ் எண்ணை இன்வாய்ஸோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். வெயிலில் நிறுத்தி, கதவு, பானெட், டிக்கி இவற்றின் நிறம் ஒத்துப்போகிறதா என்று சாய்வாகப் பாருங்கள். யார்டில் உரசி மறுபெயின்ட் அடித்தது நிழலில் தெரியாது. பெயின்ட் அடித்த இடத்தில் ரப்பர் பீடிங் ஓரத்தில் நிறப்பிசிறு ஒட்டியிருக்கும்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அது மற்ற நான்கைவிடச் சிறிய அளவு. அப்படியென்றால் அதன் மேல் வேக வரம்பு ஒட்டியிருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், டோ ஹுக் மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். முன் கண்ணாடியில் கேமரா வைத்த ஏடாஸ் வண்டி (ஓட்டுநரை எச்சரித்து உதவும் வசதி உள்ளது) என்றால் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்பதை விடாமல் பாருங்கள். பிற்பாடு அந்தக் கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் காலிபரேட் செய்ய வேண்டும், செலவு இரண்டாகும். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு முதல் வருடமே ஜீரோ டெப்ரிசியேஷன் எடுக்கச் சொல்கிறோம்.